காரைக்குடி ஞாயிறு பங்கு வகுப்பு: 1,500 ரூபாய்க்குக் கிடைத்தது என்ன?

மாப்பிள்ளை அமெரிக்காவில் சார்லட் நகரில் வேலை பார்க்கிறார். அந்த ஊரிலேயே தலைமையகம் உள்ள டியூக் எனர்ஜி என்ற மின்சாரக் கம்பெனியின் பங்கை மகள் பேரில் வாங்கி வைத்திருக்கிறார். இரண்டு மாதம் முன்னால் போனில், "மாமா, இதில ஷார்ட் இன்ட்ரஸ்ட் ஏறியிருக்கு, வித்துடலாமா?" என்று கேட்டார். மின்வாரியக் கணக்குப் பிரிவில் 31 வருஷம் இருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்காகவே தேவகோட்டையிலிருந்து நாலு ஞாயிறு பஸ் ஏறி, செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் நடக்கும் இந்த வகுப்புக்குப் போனேன்.

நடத்துபவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். வட்டித் தொழிலில் ஊறிய ஊர் என்பதால், "இன்ட்ரஸ்ட்னு பேர் இருந்தாலும் இது வட்டி இல்லை" என்றுதான் ஆரம்பித்தார். பெரும்பாலும் விலை இறங்கும் என்று நம்பிப் பங்கைக் கடன் வாங்கி விற்றவர்கள் (இதுதான் ஷார்ட் அடிப்பது), இன்னும் வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் நிற்கும் பங்குகளின் மொத்த எண்ணிக்கை அது. பேரேட்டில் தீராத பாக்கி மாதிரி. 50 லட்சம் பங்கு ஷார்ட், தினசரி வியாபாரம் சராசரி 25 லட்சம் என்றால், பாக்கி தீர 2 நாள். அமெரிக்காவில் மாதம் இருமுறை இந்தக் கணக்கு வெளியாகும். நம் கைக்கு வரும்போதே ஒரு வாரத்துக்கு மேல் பழசு.

மூன்றாவது வகுப்புதான் பொன்னானது. அமெரிக்க மின்சாரக் கம்பெனிகள் பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை டிவிடெண்ட் (லாபப் பங்கு) தருபவை. ஷார்ட் அடித்தவர் அந்த டிவிடெண்டைப் பங்கின் சொந்தக்காரருக்குக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். "கடன் வாங்கின பசுவை வித்துட்டாலும், சொந்தக்காரர் வீட்டுக்குப் பால் ஊத்தணும்" என்றார் ஐயா. அப்படியும் ஏன் ஷார்ட் ஏறுகிறது? 2023இல் டியூக், சதர்ன் என்ற இன்னொரு மின்சாரக் கம்பெனி இரண்டும் பங்காக மாற்றிக்கொள்ளும் வகைக் கடன் பத்திரம் வெளியிட்டன. அந்தப் பத்திரத்தை வாங்கும் நிதிகள், பங்கு விலை இறங்கினால் வரும் நஷ்டத்துக்குப் பாதுகாப்பாகப் பங்கை ஷார்ட் அடிப்பது வழக்கம். கம்பெனி கெட்டுப்போகும் என்ற எண்ணமே அதில் இருக்காது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஹவாயில் லஹைனா ஊரை எரித்த தீக்குப் பிறகு அங்குள்ள மின்சாரக் கம்பெனி ஹவாயன் எலக்ட்ரிக்கின் பங்கு சில வாரங்களில் பாதிக்கும் கீழே போனதே, அங்கே பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆக, ஷார்ட் அடித்தது யார், எதற்காக என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்து விற்கக் கூடாது. மாப்பிள்ளைக்கு இதைத்தான் சொன்னேன். அவர் விற்கவில்லை.

குறையும் உண்டு. கையில் கொடுத்த தாள் முழுக்க இங்கிலீஷ், அதுவும் மங்கலான ஜெராக்ஸ். அதைவிடப் பெரிய வருத்தம் நம் நாட்டுப் பாடம். வகுப்பில் பாதிப் பேர் என்டிபிசி, பவர் கிரிட் வைத்திருப்பவர்கள். இங்கே ரொக்கச் சந்தையில் நம்மைப் போன்றவர்கள் ஷார்ட் அடித்தால் அன்றைக்கே முடிக்க வேண்டும். நாள் கடத்த, பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் பியூச்சர்ஸ் உண்டு, 2008இல் வந்த பங்குக் கடன் முறை உண்டு. இதையெல்லாம் கடைசி இருபது நிமிஷத்தில் ஓட்டிவிட்டார். இதற்குத் தனியாக ஒரு ஞாயிறே வேண்டும்.

அதை ஐயாவிடம் நேரிலேயே சொன்னேன். "அடுத்த பேட்ச்ல அந்தப் பாடத்துக்கு மட்டும் வந்து உட்காருங்க, காசு வேண்டாம்" என்றார். போகப் போகிறேன்.