ஜிம்மியோடு நடக்க எந்தச் சப்பாத்து?

நாயோடு நடக்கக் காலில் என்ன போடுவது என்ற கேள்வி, பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில்தான் உறைக்கும். தண்ணீர்மலைப் பக்கம் ஜிம்மியைத் தினமும் இருவேளை நடத்துகிறேன். எடை 22 கிலோ; பூனையைக் கண்டுவிட்டால் இழுப்புக்குக் கணக்கே இல்லை.

ஜப்பான் சிலிப்பர், அதாவது வார் வைத்த ரப்பர் செருப்பு, வாசலிலேயே கிடக்கும், மாட்டிக்கொண்டு கிளம்பலாம். அதன் பெருமை அத்தோடு முடிந்தது. ‘ஐந்தடி’ என்று நாங்கள் சொல்லும் கடைவரிசை நடைபாதையின் நனைந்த ஓட்டில் ஜிம்மி இழுத்த இழுப்பில் வார் பிடுங்கிக்கொள்ள, ஒற்றைச் சிலிப்பரோடு வீடு திரும்பியிருக்கிறேன். அது போகட்டும். நாய்க் கழிவு கலந்த ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தோல் வழியாகவே புகும். காலில் வெட்டுக்காயம் இருந்தால், எலி மூத்திரம் கலந்த தேங்கிய நீரால் எலிக்காய்ச்சல் பயம் வேறு.

வலைத்துணி ஓட்டச் சப்பாத்து நடக்கச் சுகம், மறுக்கவில்லை. குதிகால் வலி உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரு மழையில் ஊறினால், நாளிதழைத் திணித்து வைத்தாலும் மறுநாள் காலைக்குள் காயாது. மழைக்குப் பயந்து அலமாரியில் பூட்டி வைப்பதும் வீண். அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருளாக இருந்தால் காற்றின் ஈரத்திலேயே சிதைந்து, ஒருநாள் பழைய கேக் போல உதிரும். எனக்கு உதிர்ந்த இடம் ஒரு கல்யாண மண்டபத்து வாசல்!

துளையிட்ட நுரைச் சப்பாத்தில் நீர் வடியும். பின்வாரைக் குதிகாலுக்கு இறக்கிப் போடாவிட்டால் சிலிப்பரின் கதைதான்.

நான் கடைசியில் வந்து நின்றது 'அடிடாஸ் கம்போங்'கில் (கம்போங் என்றால் மலாயில் கிராமம்). பெயர்தான் அப்படி, அந்த ஜெர்மானிய நிறுவனத்தின் தயாரிப்பு அல்ல. முழு ரப்பரில் வார்த்த கறுப்புச் சப்பாத்து, ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவப் போனவர்கள் போட்டது. மலையேறுபவர்கள் இன்றும் விரும்பி வாங்குகிறார்கள். அடியிலுள்ள குமிழ்கள் சேற்றுச் சரிவில் நன்றாகக் கவ்வும். நல்ல ஓட்டச் சப்பாத்து ஒன்றின் விலைக்கு இதில் பத்து ஜோடி வாங்கலாம். "தோட்டத்தை விட்டு வந்தும் இது விடவில்லையா?" என்று அம்மா சிரித்தார்.

குறை உண்டு. மெத்தென்று இருக்காது, உள்ளே வியர்க்கும், தடித்த காலுறை இல்லாவிட்டால் குதிகாலை உரசிவிடும். அதனால் ஓர் அளவு பெரிதாக வாங்கினேன். ஓட்டுத் தரையில் இப்போதும் மெதுவாகத்தான் நடக்கிறேன். வீடு திரும்பியதும் வெளிக்குழாயில் ஜிம்மியின் நான்கு கால்களைக் கழுவும்போதே என் இரண்டையும் சப்பாத்தோடு நீட்டிவிடுகிறேன்.