செவ்வாய்க்கிழமைக் காலைச் சாப்பாடு: ரொறன்ரோ பார்க் ஹயட்

உணவகத்துக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது ருசியை அல்ல. நாம் கதைப்பது பக்கத்து மேசைக்குக் கேட்குமா என்பதைத்தான். ஸ்காபரோவில் ஒரு மாகாண சபை உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் ஒன்பது வருடம் உதவியாளராக இருந்தவன் நான். அங்கே பக்கத்தில் இருந்த கோப்பிக் கடையில் வேட்பாளர் விஷயம் ஒன்றைக் குரல் தாழ்த்தாமல் கதைத்துவிட்டேன். பின்னேரத்துக்குள் எதிர்க்கட்சிக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கடையைக் குறை சொல்லிப் பயனில்லை, வாய் என்னுடையது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புளோர் வீதியும் அவென்யூ ரோட்டும் சந்திக்கும் மூலையில் இருக்கும் பார்க் ஹயட்டுக்குப் போனேன். செவ்வாயை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். இந்த விடுதிக்குப் பார்க் பிளாசா என்று பெயர் இருந்த காலத்தில், ஒன்ராறியோ முதல்வர் பில் டேவிஸும் அவருடைய ஆலோசகர்களும் செவ்வாய்தோறும் காலைச் சாப்பாட்டுக்குக் கூடியது இங்கேதான். குயின்ஸ் பார்க் சட்டசபை தெற்கே கால்மணி நேர நடை. நடந்தே போய்விடலாம், ஆனால் சட்டசபைத் தாழ்வாரத்தில் நிற்பவர்களின் காதுக்கு எட்டாது. இடம் பார்த்தவர் கெட்டிக்காரர்.

அந்த மேசையில் இருந்தவர்களில் பலர் சட்டசபையில் ஒருநாளும் ஆசனம் பிடிக்காதவர்கள். எடி குட்மன் வழக்கறிஞர். நோர்மன் அட்கின்ஸ் தேர்தல் பிரசாரம் நடத்துவதில் விண்ணர். ‘பெரிய நீல இயந்திரம்’ என்று பேர்போன கன்சர்வேட்டிவ் கட்சியின் தேர்தல் அணி அவருடைய கையில்தான் இருந்தது. எட் ஸ்டூவர்ட் அரச அதிகாரி. ஹியூ சீகல் மொன்றியலில் பிறந்த இளைஞர். 1972இலும் 1974இலும் ஒட்டாவா சென்டரில் மத்திய நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டு இரண்டு தடவையும் தோற்றவர். அப்புறம் டேவிஸிடம் வந்தார், அமைச்சரவை அலுவலகத்தில் மத்திய–மாகாண உறவுகளைக் கவனித்தார்.

1975இலும் 1977இலும் டேவிஸுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சிறுபான்மை அரசு என்றால் ஒவ்வொரு மசோதாவுக்கும் எதிர்வரிசையில் ஒரு கட்சியாவது இணங்க வேண்டும். யார் எதற்கு இணங்குவார் என்று கணக்குப் போடுபவர்கள் இல்லாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. 1981இல் பெரும்பான்மை திரும்பி வந்தது. அதே வருடம், பிரித்தானிய நாடாளுமன்றத்தின் கையில் இருந்த அரசியலமைப்பைக் கனடாவுக்குக் கொண்டுவரும் பேச்சுவார்த்தை. பத்து மாகாண முதல்வர்களில் தொடக்கத்திலிருந்தே பிரதமர் ட்ரூடோ பக்கம் நின்றவர்கள் இரண்டே பேர், டேவிஸும் நியூ பிரன்ஸ்விக்கின் ஹாட்ஃபீல்டும். ட்ரூடோ லிபரல், டேவிஸ் கன்சர்வேட்டிவ். சொந்தக் கட்சிக்காரரே முகம் சுளித்த முடிவு அது. அதற்குப் பின்னால் எத்தனை கோப்பை கோப்பி காலியாகியிருக்கும்!

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். முட்டை, வாட்டிய பாண், கோப்பி. முட்டை பதம். பாணைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கோப்பி நல்ல கடுப்பம், கேட்காமலே இரண்டாவது தடவை வந்தது. பரிமாறிய பெடியன் நாங்கள் கதைக்கும்போது இரண்டடி தள்ளி நின்று, பேச்சு ஓய்ந்த பிறகுதான் கிட்ட வந்தான். அதற்கே முழு மதிப்பெண். மேசைகளுக்கு நடுவில் தாராளமான இடைவெளி. கூட வந்த நண்பருக்கு நான் சொன்னது கேட்டது, அடுத்த மேசைத் தம்பதி சிரித்தது எனக்குக் கேட்கவில்லை. விலை ஆடம்பர விடுதி விலைதான். மாதச் சம்பளக்காரர் வாராவாரம் வர முடியாது.

அந்த மேசைக்காரரைப் போல ஆசனம் இல்லாமல் வேலை செய்தவன்தான் நானும். தைப்பொங்கலுக்கு எங்கள் உறுப்பினர் சபையில் வாசித்த உரை என் கை எழுத்து. பானை பொங்கும் வரிக்கு எல்லோரும் கை தட்டினார்கள். பார்வையாளர் மாடத்தில் இருந்த நானும் தட்டினேன், அங்கே கை தட்டக்கூடாது என்று காவலர் வந்து சொன்னார்.

சீகல் பிறகு பிரதமர் மல்ரோனியின் பணிக்குழுத் தலைவரானார், 2005இல் செனட்டர். அட்கின்ஸும் செனட்டர்தான். 2021இல் டேவிஸ் காலமானார், 2023இல் சீகலும். பெடியனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “எந்த மேசை அங்கிள்?” என்று கேட்டான். கட்டடமே பெரிதாகப் புதுப்பிக்கப்பட்டு 2021இல்தான் திரும்பத் திறந்தது, அந்த மேசைக்கு எங்கே போவது?

சுரங்க ரயிலில் கென்னடி நிலையத்தில் ஏறுபவர்கள் சென்ட் ஜோர்ஜில் இறங்கி நடக்கலாம். சுவரோர மேசையைக் கேட்டு வாங்குங்கள்.