தேங்காய்ப்பூத் துண்டும் இரண்டு வாஷிங் மெஷின்களும்

எட்டு ஆண்டுகள் டாப் லோட் வைத்திருந்தோம். சென்ற ஆண்டு அதைக் கொடுத்துவிட்டு ஃப்ரண்ட் லோட் வாங்கினோம். வீட்டுக்கு வருகிறவர்கள் அழுக்கு நன்றாகப் போகிறதா, மின்கட்டணம் ஏறியதா என்றுதான் கேட்கிறார்கள். அழுக்கு இரண்டிலும் போகிறது. டாப் லோட் விலை குறைவு, குனிய வேண்டியதில்லை. இதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். நான் மாற்றியதற்குக் காரணம் வேறு: பிழியும்போது துணி ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் இயந்திரம் என்ன செய்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரட்டைக் கட்டில் போர்வை ஒன்றையும் தேங்காய்ப்பூத் துண்டுகள் இரண்டையும் டாப் லோடில் போட்டிருந்தேன். பிழியத் தொடங்கியதும் தடதடவென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் இயந்திரம் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. மூடியைத் திறந்தேன். போர்வை கயிறுபோல முறுக்கிக்கொண்டு, இரண்டு துண்டுகளையும் வயிற்றுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, தொட்டியின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

அரைக் கிலோ ஈரத்துணி அதிகமாக ஒரு பக்கம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி, நிமிடத்துக்கு 700 சுற்று வேகத்தில், அது ஏறத்தாழ 70 கிலோ எடையின் விசையோடு தொட்டியை வெளியே இழுக்கும். 1200 சுற்றில் அதுவே 200 கிலோவாகிவிடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு.

கணக்கின்படி பார்த்தால் வேகமாகச் சுற்றும் ஃப்ரண்ட் லோடுக்குத்தான் ஆபத்து அதிகம். அதனால்தான் அது அவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறது. முதலில் துணி டிரம்மின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் மெதுவாகச் சுற்றுகிறது. சுற்றுக்குச் சுற்று மோட்டாரின் வேகம் தடுமாறினால், பாரம் சமமாக இல்லை என்று புரிந்துகொள்கிறது. உடனே வேகத்தைக் குறைத்துத் துணியை அப்படியும் இப்படியும் புரட்டிப் போட்டு, மறுபடி முயல்கிறது. திரையில் ‘9 நிமிடம்’ என்ற எண் கால்மணி நேரம் அசையாமல் நிற்பதை முதல் வாரம் பார்த்துவிட்டு, பழுது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடப் போனேன். உள்ளே சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்திருக்கிறது.

டாப் லோடால் இப்படிப் புரட்ட முடியாது. அதன் தொட்டி நிமிர்ந்து நிற்கிறது. தண்ணீர் வடிந்த பிறகு துணி விழுந்த இடத்திலேயே கிடக்கும். படுத்திருக்கும் டிரம்மில் துணி மேலே ஏறித் தானே விழுகிறது. டாப் லோடில் துணியை நகர்த்த மறுபடி தண்ணீர் நிரப்பி மிதக்கவிட்டுக் கலைக்க வேண்டும். தொட்டியின் விளிம்பில் உப்புநீர் அடைத்த வளையம் ஒன்று உண்டு. வேகம் எடுத்ததும் அந்த நீர் பாரத்துக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கிச் சமன் செய்யும். சிறிய ஏற்றத்தாழ்வுக்கு அது போதும். முறுக்கிய போர்வைக்குப் போதாது.

மறுபடி நிரப்பும் அந்தத் தண்ணீர்தான் எனக்குப் பெரிய விஷயம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது எங்கள் குடியிருப்பு லாரித் தண்ணீரை நம்பியிருந்தது. கழிவறைக்கு ஆகட்டுமே என்று இயந்திரத்தின் கழிவுநீர்க் குழாயை வாளியில் விட்டுப் பிடிப்போம். அப்போதுதான் தெரிந்தது: துணி ஒதுங்கிய ஒவ்வொரு முறையும் கூடுதலாக இரண்டரை வாளி, 20 லிட்டர் வாளி. இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு, மூன்றாவது முறை பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கிய தண்ணீர், துணியைப் பிரித்துப் போடுவதற்காக மட்டும். ஃப்ரண்ட் லோட் அதே வேலைக்கு என் நேரத்தை எடுத்துக்கொள்கிறது, எடுத்துக்கொள்ளட்டும்.

ஃப்ரண்ட் லோட் தடுமாறும் இடமும் உண்டு. ஒற்றைக் கால்மிதியை மட்டும் போட்டால் எவ்வளவு புரட்டினாலும் அது ஒரே பக்கம்தானே இருக்கும்? பத்து நிமிடம் போராடிவிட்டுச் சொட்டச் சொட்டத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கூடவே இரண்டு துண்டுகளைப் போட்டால் சரியாகிவிடும். டாப் லோடில் இயந்திரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்து, கையாலேயே நகர்த்தி வைக்கலாம். இதில் அதற்குத்தான் என் வாக்கு. இதைவிடவும் எளிது அம்மாவின் செமி ஆட்டோமேட்டிக்: துணியைச் சுற்றிலும் அடுக்கி, மேலே அந்தப் பிளாஸ்டிக் தட்டை அழுத்திவிட்டால் போதும். ஆனால் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

மழைக்கோட்டு, நீர்புகா மெத்தை உறை இரண்டையும் எதிலும் பிழியப் போடாதீர்கள். மடிப்பில் தண்ணீர் தேங்கி நின்று, முழு வேகத்தில் திடீரென்று இடம் மாறும். 2016இல் அமெரிக்காவில் சாம்சங் ஏறத்தாழ 28 லட்சம் டாப் லோட் இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. பிழியும்போது ஆட்டத்தில் மேல்மூடியே கழன்றுவிடக்கூடும் என்பதால்.

தரை விஷயத்தில் ஃப்ரண்ட் லோட் கறார். டாப் லோடைச் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஏற்றி எட்டு ஆண்டுகளை ஓட்டினோம். உள்ளே காங்கிரீட் கட்டி வைத்த, 60 கிலோவுக்கு மேல் கனக்கிற இயந்திரத்தை அப்படி உருளவிடக் கூடாது. நேரே தரையில் வைத்து, எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்து, ஆடுகிற காலைத் திருகி நட்டை இறுக்க வேண்டும். எங்கள் பால்கனித் தரை கழிவுநீர்த் துளையை நோக்கிச் சரிந்திருந்ததால் இதற்கே ஒரு மாலை போனது.

புதியது வந்து பதினான்கு மாதம்தான் ஆகிறது. ஒரு சத்தமும் இல்லை. பேரிங்கும் அடியில் இருக்கும் அதிர்வுதாங்கிகளும் எட்டு ஆண்டு தாங்குமா என்பதற்கு நான் சாட்சி இல்லை. அடிக்கடி வீடு மாற்றுகிறவர்களுக்கு நான் டாப் லோடையே சொல்வேன்: இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஃப்ரண்ட் லோடில் டிரம்மை அசையாமல் பிடிக்கப் பின்பக்கம் நான்கு போல்ட்டுகள் பூட்டி அனுப்புகிறார்கள். ஓட்டுவதற்கு முன் அவற்றைக் கழற்ற வேண்டும், வண்டியில் ஏற்றுவதற்கு முன் மறுபடி பூட்ட வேண்டும். நாங்களும் வாடகை வீடுதான். கழற்றிய நான்கையும் காலி ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு, ‘வீடு மாற்றும்போது’ என்று எழுதி ஒட்டிப் பரணில் வைத்திருக்கிறேன்.