ஃப்ளை கட்டும் தொடக்கப் பெட்டி: மூடியில் ஒன்று, உள்ளே வேறொன்று

மூடியில் ஜம்மென்று ஓர் உலர் ஃப்ளையின் படம். ஃப்ளை என்பது தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் வைத்துக் கட்டும் போலி இரை, தண்ணீர்மேல் மிதப்பது உலர் ஃப்ளை. உள்ளே மேஜை விளிம்பில் மாட்டி முள்ளைப் பிடிக்கும் வைஸ், நூல் உருளையைத் தாங்கும் பாபின், கத்தரிக்கோல், இறகைப் பிடித்துச் சுற்ற ஹேக்கிள் பிளையர், கடைசி முடிச்சுப் போட விப் ஃபினிஷர், ஊசி, இரண்டு உருளை நூல், சாயம் போட்ட இறகும் மயிரும், ஒரு பொட்டலம் தூண்டில் முள். எந்தப் பெயரை ஒட்டி விற்றாலும் தொடக்கக்காரர்களுக்கான மலிவுப் பெட்டிகளில் இருப்பது ஏறக்குறைய இதுதான். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். மூடியில் இருக்கும் படத்தை மட்டும் மறந்துவிட வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்யும் நிம்ஃப் (பூச்சியின் இளம்பருவம் போன்றது), ஸ்ட்ரீமர் (சிறு மீன் போன்றது) கட்ட இந்தச் சரக்கு தாராளமாகப் போதும். மிதக்கும் ஃப்ளைக்கு ஒத்துவராது.

முதலில் வைஸ். நெம்புகோலை அழுத்தினால் தாடை இறுகும் வகை. 8-ஆம் எண் முள்ளை (எண் கூடக் கூட முள் சிறிது) வளைவில் பிடிக்க வைத்து, கண் பக்கம், அதாவது தூண்டில் நூல் கோக்கும் துளைப் பக்கம், கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். முள் வளைந்து நிமிர்ந்தால் பிடி சரி. தாடைக்குள் சுழன்றால் தளர்வு. பலர் இங்கே நெம்புகோலை இன்னும் பலமாக அழுத்துவார்கள், அது தப்பு. தாடைக்குப் பின்னால் இருக்கும் திருகை முதலில் முள்ளின் தடிமனுக்கு ஏற்ப வைத்து, நெம்புகோல் பாதித் தூரம் வரும்போதே இறுகும்படி செய்ய வேண்டும். இந்தத் தாடைகளின் எஃகு மிருது. 4-ஆம் எண் சால்மன் முள்ளை மூர்க்கமாக இறுக்கினால் பள்ளம் விழும், அதன் பிறகு 16-ஆம் எண் முள் நிற்காது. பெரிய முள்ளைத் தாடையின் நுனியில் வைக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடித்தால் நுனி பிழைக்கும்.

பெட்டியிலேயே மோசமான பொருள் பாபின். குழாயின் வாயில் பிசிறு இருக்கும், அது நூலை அறுக்கும். கட்டுபவர் தன் கை பலத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். பழைய நைலான் காலுறையைக் குழாய் வாயில் தேய்த்துப் பாருங்கள். இழை சிக்கினால் பிசிறு உண்டு. 2000 எண் உப்புத்தாளைச் சுருட்டி உள்வாயில் சுழற்றினால் ஓரளவு சரியாகும். பீங்கான் குழாய் வைத்த பாபின் ஒன்றை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. முதல் செலவு அதற்கே ஆகட்டும். கம்பிக் கைகள் உருளையை அழுத்திப் பிடித்தாலும் நூல் அறும். கைகளை லேசாக அகட்டி, பாபின் தன் எடையில் தொங்கும், மெல்ல இழுத்தால் நூல் வரும் என்கிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உருளையில் நூலின் தடிமனைக் காட்டும் டெனியர் எண் இருக்காது, பெரும்பாலும் தடித்த முறுக்கு நூல். 14-ஆம் எண் முள்ளுக்கு 70 டெனியர் அளவுதான் சரி. தடித்த நூலால் கட்டினால் தலை உருண்டை பெருத்துக் கண்ணை அடைத்துக்கொள்ளும். வேறு வழியில்லை என்றால், வலக்கைக்காரர்கள் பாபினை மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுழற்றி முறுக்கைப் பிரிக்கட்டும். நூல் தட்டையாகப் படியும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கண் அளவு இடத்தை எப்போதும் காலியாக விட வேண்டும்.

கத்தரிக்கோல் பரவாயில்லை, நுனி கூர்மையாகவே வரும். செம்புக் கம்பியை நுனியால் வெட்டாதீர்கள். கம்பிக்கு நகவெட்டி போதும்.

இனி விஷயம் இருக்கும் இடம்: இறகுகள். ஹேக்கிள் என்று உள்ளே வருவது குட்டையான, தண்டு தடித்த சேவல் இறகு. 14-ஆம் எண் உலர் ஃப்ளைக்கு இழையின் நீளம் முள்ளின் வாய் அகலத்தை (நுனிக்கும் தண்டுக்கும் இடையிலான தூரத்தை) போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும், இழை விறைப்பாக நிற்க வேண்டும். இதில் இருப்பது இரண்டு மடங்குக்கும் மேலே, நடுத்தண்டை ஒட்டி மெத்தென்ற வலைபோன்ற பகுதி வேறு. அந்த வலை தண்ணீரைக் குடிக்கும், ஃப்ளை குப்புறச் சாயும். மிதவை எண்ணெய் தடவினாலும் சில வீச்சுகளுக்குத்தான் தாங்கும். உலர் ஃப்ளைதான் வேண்டும் என்றால் ஒரே அளவில் தரம் பிரித்த, சேவலின் பின்முதுகான சேணப் பகுதி இறகு சிறு பொட்டலமாகக் கிடைக்கும், அதைத் தனியாக வாங்குவதே வழி.

ஆனால் உலர் ஃப்ளைக்குக் குற்றமான அதே மென்மை வூலி பக்கர் என்கிற ஸ்ட்ரீமருக்கு வரம். தண்டு நீண்ட 8-ஆம் எண் முள், முன்பாதியில் ஈயமில்லாத எடைக்கம்பி பத்துச் சுற்று. வாலுக்கு மராபூ என்கிற மெத்தென்ற பஞ்சு இறகு, முள்ளின் தண்டு நீளமே போதும். நீண்டால் மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும், இல்லையென்றால் வீசும்போது வால் வளைவில் சுற்றிக்கொள்ளும். வாலடியில் மெல்லிய கம்பியைக் கட்டிவிட்டு, செனில் என்கிற பஞ்சுபோன்ற கயிற்றை முன்னோக்கிச் சுற்றுங்கள். ஹேக்கிளைக் கண் பக்கம் கட்டி, பின்னோக்கி ஐந்தாறு சுற்றில் வாலுக்குக் கொண்டுபோய், கம்பியை அதன் மேல் குறுக்காக முன்னோக்கிக் கொண்டுவந்து கட்ட வேண்டும். இப்படிச் செய்தால் ட்ரவுட் மீனின் பல் தண்டை ஓரிடத்தில் அறுத்தாலும் இறகு பிரிந்து வராது. மராபூவை ஈரப்படுத்திக்கொண்டு கட்டினால் கைக்கு அடங்கும்.

ஃபெசன்ட் பறவையின் வால் இழையால் கட்டும் ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃபும் கட்டலாம். ஆனால் பெட்டியில் வருவது வாலின் நடு இறகா என்று பாருங்கள். ஓர இறகாக இருந்தால் இழை குட்டை. பாதி உடம்பிலேயே தீர்ந்துவிடும். 14-ஆம் எண் முள்ளுக்குத் தலையில் 2.8 மி.மீ. மணி, நான்கைந்து இழை, அதற்கு எதிர்த்திசையில் செம்புக் கம்பி ஐந்து சுற்று, மார்புக்கு மயில் தோகை இழை இரண்டு. கொடுத்திருக்கும் கம்பி தடிமன். பழுதான சிறு மோட்டாரைப் பிரித்தால் இதைவிடச் சன்னமான கம்பி வாழ்நாளுக்கும் கிடைக்கும். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃப்ராங்க் சாயர் இந்த ஃப்ளையை உருவாக்கியபோது நூலே சேர்க்கவில்லை, வால் இழையும் செம்புக் கம்பியும் மட்டுந்தான். பாபின் காலை வாரினால் அந்த மூல முறையையே பிடித்துக்கொள்ளலாம்.

சால்மனுக்கு? முட்டையிட ஆறேறும் சால்மன் பொதுவாக இரை தேடுவதில்லை, அதனால் அச்சு அசலான பூச்சி உருவம் தேவையில்லை. நிறமும் அசைவும்தான் அதைச் சீண்டும். ட்ரவுட்காரர்கள் ஒதுக்கிவைக்கும் அந்தக் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு மராபூ கோஹோ சால்மனுக்கு நன்றாகவே ஓடும். சாயம் போட்ட மான்வால் மயிரில் நுனிப்பாதியை மட்டும் சிறகுக்கு எடுங்கள். அடிமயிர் உள்ளே பொள்ளல், நூல் இறுகியதும் விரிந்துகொள்ளும். வெட்டிய முனைகளில் ஒரு சொட்டு ஹெட் சிமென்ட் (முடிச்சில் தடவும் பசை) வைத்துவிட்டுக் கட்டினால் மயிர் உருவிக்கொண்டு வராது.

பெட்டியில் வரும் முட்களைச் சால்மனுக்கு நம்ப வேண்டாம். ஒன்றை வைஸில் பிடித்துக் கண்ணை இழுங்கள்: வளைந்தபடியே நின்றால் பதம் போதாது, படக்கென்று முறிந்தால் பதம் மிஞ்சியது. அந்தப் பொட்டலத்தில் எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். நுனிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளை நசுக்குவதாக இருந்தால் கட்டுவதற்கு முன்பே நசுக்க வேண்டும். உடைந்தால் முள்ளோடு போகும். மணியும் தடையில்லாமல் உள்ளே ஏறும்.

தோலோடு வரும் இறகையும் மயிரையும் நேராக மற்ற சரக்கோடு கலக்காதீர்கள். அடியில் தூள் கொட்டியிருந்தாலோ இழைகள் அரித்தாற்போல் இருந்தாலோ பூச்சி இருக்கிறது என்று பொருள். காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து, வெளியே எடுத்துச் சில நாள் கழித்து மறுபடியும் வைத்தெடுத்த பிறகு சேர்க்கலாம்.