ஒற்றை ஒயர் வீராவுக்கு நாலு ஒயர் ஆக்சிஜன் சென்சார்: செந்தூல் வயரிங் கடை எப்படி?

பழைய காடி வைத்திருப்பவர்களிடம் ஆக்சிஜன் சென்சாரை (எக்ஸோஸ் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்த்து இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பொருள்) பற்றிக் கேட்டால் பாதிப் பேர் "அதைக் கழற்றிப் போடு, அது இல்லாமலே ஓடும்" என்பார்கள், மீதிப் பேர் ஆன்லைனில் நாற்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) ஏதாவது ஒன்றை வாங்கி மாட்டச் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். ஹீட்டர் வைத்த நல்ல சென்சார் ஒன்றை வாங்குங்கள், வாங்கியதை எக்ஸோஸ் கடையில் கொடுக்காமல் வயரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். நான் கொடுத்தது கோலாலம்பூர் செந்தூலில், கேடிஎம் தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு சின்னக் கடையில். பொருளையும் கடையையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் ஒன்றில்லாமல் இன்னொன்றுக்கு அர்த்தமில்லை.

காடி புரோட்டோன் வீரா 1.5, மிட்சுபிஷியின் 4ஜி15 இன்ஜின், இன்ஜெக்‌ஷன் மாடல். என் காடியில் இருந்தது ஒற்றை ஒயர் சென்சார். அதற்கு ஹீட்டர் கிடையாது, எக்ஸோஸ் சூட்டை நம்பித்தான் பிழைப்பு. உள்ளே இருக்கும் சிர்கோனியா பீங்கான் சுமார் 300 டிகிரியைத் தாண்டினால்தான் வேலை செய்யும். கம்பெனி மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்த் தொகுதி) அது இன்ஜினை ஒட்டியே இருப்பதால் சிக்கலில்லை. ஆனால் என் காடியில் அதற்குப் பதில் எக்ஸ்ட்ராக்டர், அதாவது சிலிண்டருக்கு ஒன்றாக நீளக் குழாய்கள் உள்ள மேனிஃபோல்டு போட்டிருக்கிறது, நாலு குழாயும் ஒன்றாகச் சேரும் இடத்துக்குக் கீழேதான் சென்சாருக்கான நட்டு. ஹைவேயில் ஓடும்போது சரி, கூச்சிங் சாலை ஜாமில் ஐடிலில் நிற்கும்போது சென்சார் ஆறிப்போகும். ஆறிவிட்டால் ஈசியூவுக்கு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு, எக்ஸோஸில் என்ன நடக்கிறது என்றே தெரியாது, குத்துமதிப்பாக பெட்ரோலைக் கொட்டும், பின்னால் நிற்பவர் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் டேஷ்போர்டில் இன்ஜின் லைட். பழைய மிட்சுபிஷி முறையில் கோட் பார்த்தால் ஒரு நீள மினுக்கு, ஒரு குட்டி மினுக்கு, அதாவது 11, ஆக்சிஜன் சென்சார்.

ஹீட்டர் சென்சார் ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. பாஷ் 1976இல் சென்சாரைக் கொண்டுவந்தபோது முதலில் ஏறியது வோல்வோவில், ஹீட்டர் வைத்தது 1982இலேயே வந்துவிட்டது. காசை மிச்சம் பிடிக்கத்தான் பல கம்பெனிகள் அதற்குப் பிறகும் ஒற்றை ஒயரையே போட்டுக்கொண்டிருந்தன என்பது என் எண்ணம்.

நான் வாங்கியது பாஷ் யூனிவர்சல் (கனெக்டர் இல்லாமல் வரும், ஒயரை நாமே இணைக்க வேண்டும்) நாலு ஒயர். ஈப்போ சாலையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை, இருநூறு வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே. திரெட் 18 எம்எம், 1.5 பிச், நம் ஊரில் ஓடும் பெரும்பாலான காடிகளுக்கு அதுதான், நட்டில் அப்படியே ஏறிவிட்டது. திரெட்டில் சிக்கிக்கொள்ளாமல் இருக்கும் கிரீஸ் தடவியே வருகிறது, அதற்கு மேல் நீங்கள் எதையும் தடவாதீர்கள், முக்கியமாக சிலிக்கோன் பசை பக்கமே போகக் கூடாது, அதன் ஆவி பட்டாலே சென்சார் செத்துவிடும். ஒயர் நிறம்: வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் நிறம் சிக்னலின் எர்த். இது பாஷ் கணக்கு. டென்சோ யூனிவர்சலில் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். "கறுப்புன்னா சிக்னல்தானே" என்று கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால் அவ்வளவுதான். இன்னொன்று, சில பழைய நிசான்களில் சிர்கோனியாவுக்குப் பதில் டைட்டானியா வகை இருக்கும், அதற்கு இந்த யூனிவர்சல் ஒத்துவராது, வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் கதை. முதலில் இதை மாட்டியது ஓர் எக்ஸோஸ் கடை, பெயர் வேண்டாம். வெல்டிங்கில் குறை சொல்ல முடியாது, நட்டைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்துத்தான் வைத்தார்கள், காலையில் குழாயில் சேரும் தண்ணீர் சென்சார் மேல் தேங்காது. வயரிங்தான் கண்றாவி. ஹீட்டருக்குக் கரண்டை இக்னிஷன் காயிலின் பிளஸ்ஸிலிருந்து பிய்த்து எடுத்திருந்தார்கள், நடுவில் ஃபியூஸ் கிடையாது. ஹீட்டரின் மைனஸையும் சிக்னலின் சாம்பல் ஒயரையும் சேர்த்து முறுக்கி எக்ஸோஸ் கிளாம்பின் போல்ட்டில் மாட்டிவிட்டார்கள். காடி ஓடியது, லைட்டும் அணைந்தது, ஆனால் இரண்டொரு வாரத்தில் ஐடில் ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டது.

செந்தூல் கடை அண்ணன் காடியைப் பார்த்ததும் எதையும் கழற்றவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் வைத்தார், இன்னொன்றை எக்ஸோஸ் குழாயில். எர்த்துக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றும் காட்டக் கூடாது. காட்டியது. ஹீட்டர் இழுக்கும் கரண்ட் ஓர் ஆம்பியர் அளவுக்காவது இருக்கும், அது துருப்பிடித்த கிளாம்ப் வழியாகத் திரும்பி வரும்போது அங்கேயே கொஞ்சம் வோல்ட் விழுகிறது. சென்சார் கொடுக்கும் சிக்னலோ மொத்தமே 0.1 வோல்ட்டிலிருந்து 0.9 வரைதான், நடுக்கோடு 0.45. அதில் 0.1 பிசகினால்கூட ஈசியூ பெட்ரோல் கூடுதல், குறைவு என்று தப்பாகக் கணக்குப் போடும். "தம்பி, வெள்ளை ரெண்டையும் தனிக்குடித்தனம் வைக்கணும், கறுப்பும் சாம்பலும் இருக்கிற வீட்டுல சேர்த்தா தினமும் சண்டைதான்" என்றார். நான் படித்த எந்த விளக்கத்தைவிடவும் இது மண்டையில் ஏறியது.

அவர் செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் எங்கே கொடுத்தாலும் இதைக் கேட்டு வாங்கலாம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒரு தனி ஒயர், அது ரிலேயின் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) 30ஆம் காலுக்கு. 87இலிருந்து ஒரு வெள்ளை ஒயருக்கு. இன்னொரு வெள்ளை நல்ல பாடி எர்த்துக்கு, எக்ஸோஸுக்கு இல்லை. இரண்டு வெள்ளைக்கும் பிளஸ் மைனஸ் பேதம் கிடையாது, எது எதற்குப் போனாலும் ஒன்றுதான். ரிலேயைத் தட்டி எழுப்பும் 86ஆம் காலுக்கு, பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் ஒயரிலிருந்து ஒரு கிளை, 85 எர்த். டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து டெஸ்ட் லைட்டால் அந்த ஒயரைத் தேடிப் பிடித்ததுதான் அன்றைக்கு நேரம் எடுத்த வேலை. எதற்கு பம்ப் ஒயர்? சாவியைத் திருப்பிவிட்டு இன்ஜின் போடாமல் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தால் ஹீட்டர் சும்மா வெந்துகொண்டிருக்கக் கூடாது. இன்ஜின் ஓடினால்தான் பம்ப், பம்ப் ஓடினால்தான் ஹீட்டர்.

சாம்பல் ஒயரை ஈசியூவின் எர்த் இன்ஜினில் பிடிக்கும் அதே இடத்துக்குக் கொண்டுபோனார். கறுப்பை, ஷீல்டு (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) சுற்றிய பழைய சிக்னல் ஒயரோடு இணைத்தார், எக்ஸோஸ் கடைக்காரர் முனையில் உரித்துப் போட்டிருந்தார், மீதி ஷீல்டை இவர் வெட்டி எறியாமல் அப்படியே விட்டார். ஈயம் வைக்கவில்லை, எல்லாம் கிரிம்ப், அதாவது உலோகக் குழலுக்குள் ஒயரை வைத்து நசுக்கி இணைப்பது. ஏன் என்று கேட்டதற்கு, சென்சாருக்கு வெளிக்காற்று வேண்டும், அந்தக் காற்று ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது, ஈயம் உருகி இழைக்குள் ஓடினால் மூச்சு அடைத்துவிடும் என்றார். அது உண்மைதான், கனெக்டருக்குள் கிரீஸோ கான்டாக்ட் கிளீனரோ அடிக்கக் கூடாது என்பதும் இதே காரணத்துக்குத்தான். கிரிம்ப் பண்ணிய ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் துணி டேப் சுற்றினார், எக்ஸ்ட்ராக்டர் பக்கம் போகும் பகுதிக்குச் சூடு தாங்கும் உறை.

கடைசியில் கறுப்பில் டிஜிட்டல் மீட்டரை வைத்துக் காட்டினார். 2,500 ஆர்பிஎம்மில் எண் மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருந்தது, 0.2, 0.8, 0.1, 0.7. ஆக்சிலரேட்டரை விட்டு ஐடிலில் போட்டுவிட்டு ஒரு தே ஓ குடித்து வந்து பார்த்தோம், அப்போதும் குதிக்கிறது, கொஞ்சம் மெதுவாக. பழைய சென்சாராக இருந்தால் இந்நேரம் ஓரிடத்தில் நின்றிருக்கும்.

பலன் என்ன? ஜாமில் பெட்ரோல் வாடை போய்விட்டது, ஐடில் நிற்கிறது, லைட் வரவில்லை. டேங்க் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது, ஆனால் எண் சொல்லிப் பீற்றிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. பவர் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முழு ஆக்சிலரேட்டரில் ஈசியூ சென்சாரைக் கேட்பதே இல்லை. ஆயுள் விஷயத்தில் லாபம் உண்டு: ஒற்றை ஒயரை 50,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள், ஹீட்டர் உள்ளது ஏறக்குறைய 100,000 வரை போகும். இன்ஜின் எண்ணெய் எரிக்கிறதென்றால் முதலில் அதைப் பாருங்கள், புது சென்சாரும் கரி பிடித்துச் சாகும்.

கம்பெனி மேனிஃபோல்டே இருக்கிறது, ஹைவேதான் அதிகம் ஓடுகிறீர்கள் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், நல்ல ஒற்றை ஒயரையே புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் குறையே இல்லையா? இருக்கிறது. காலையில் விட்ட காடி மாலைக்குள் கிடைக்கும் என்றார், மறுநாள்தான் கிடைத்தது. போன் எடுக்க மாட்டார், கையில் கிரிம்பர் இருந்தால் யார் கூப்பிட்டாலும் அப்படித்தானாம். கூலி நூற்றைம்பது வெள்ளி, ரிலே, ஃபியூஸ், ஒயர் எல்லாம் சேர்த்து. எக்ஸோஸ் கடை வாங்கியதைவிட இது அதிகம்தான், ஆனால் ரிலே எங்கே, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் வரைந்து ஃபியூஸ் பெட்டி மூடிக்குள் ஒட்டிக் கொடுத்தாரே, அதற்கே அந்தக் காசு தகும். ரசீது கேட்டால்தான் எழுதுவார், கேளுங்கள். கடை முன்னால் இரண்டு காடிதான் நிற்கும், சனிக்கிழமை போனால் தெருக்கோடியில்தான் இடம், ஞாயிறு பூட்டு.