குளத்து மண்ணா, ஸ்டோன்வேரா?

பனங்கொட்டை வெடித்து முளை இறங்குவதைச் சிற்பமாக்க எந்த மண் நல்லது?

ஸ்டோன்வேர் என்ற களிமண் வகை 1200 டிகிரிக்கு மேல் வெந்து கல்லாக இறுகிவிடும். தண்ணீர் உறிஞ்சாது. மெல்லிய விளிம்பும் நிற்கும். உமிச்சாம்பலில் சிலிக்கா நிறைய இருப்பதால் மெருகுப்பூச்சுக்கும் உதவும். ஆனால் அந்தச் சூட்டை எட்டும் சூளை வேண்டும், செலவு அதிகம்.

திருநெல்வேலிப் பக்கம் காருகுறிச்சியில் பானை வனையும் குளத்து மண்ணுக்கு 900 டிகிரி வாக்கில் சூடு போதும். உமியோ மணலோ கலக்காவிட்டால் கனத்த இடம் விரிசல் விடும், அவசரம் கூடவே கூடாது. வெந்த பிறகும் நுண்துளைகள் மூடுவதில்லை. ஐப்பசி மழையில் நனைந்து, பாசி பிடித்து, நிறம் மாறிக்கொண்டே இருக்கும். உருமாற்றத்தைச் சொல்லும் சிற்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆதிச்சநல்லூரின் பழங்கால ஈமத்தாழிகளும் சுடுமண்தானே! 1899-இல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டத் தொடங்கியபோதும் தாழிகள் மண்ணுக்குள் இருந்தன. முற்றத்தில் வைக்க நான் குளத்து மண்ணையே எடுப்பேன்.