கலெக்டரா, தூதரா: முதல் விருப்பமாக எதைப் போடலாம்?

புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், விருப்ப வரிசையில் ஐ.ஏ.எஸ். முதலில் போடவா, ஐ.எஃப்.எஸ். போடவா?" நான் ஐ.எஃப்.எஸ்.ஸை, அதாவது இந்திய வெளியுறவுப் பணியை, முதலில் போட்டு, அதிலேயே ஓய்வு பெற்றவன். கடைசி சில வருடங்கள் ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாட்டில் தூதர். ஆகவே நான் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

ஒரே மாதிரி இருப்பவற்றை முதலில் முடித்துவிடலாம். ஒரே யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு, முசோரியில் ஒரே அடிப்படைப் பயிற்சி, தொடக்கத்தில் ஒரே அடிப்படைச் சம்பளம் (56,100 ரூபாய்), 60 வயதில் ஓய்வு. வெளிநாட்டில் இருக்கும்போது தனிப்படியும் வீடும் உண்டு. அங்குள்ள விலைவாசிக்கு அது சரியாகப் போய்விடும். இடங்கள்தான் வேறு. 2023 தேர்வில் ஐ.ஏ.எஸ்.ஸுக்கு 180, வெளியுறவுக்கு 37. அடுத்த ஆண்டு அது 55 ஆனது.

அதிகாரம் என்று பார்த்தால் கலெக்டர்தான், பேச்சே இல்லை. முப்பதுகளிலேயே ஒரு மாவட்டம் கைக்கு வந்துவிடும். தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்க ஏற்பாடு. திங்கட்கிழமையானால் மனுவோடு வரிசை. அதே வயதில் நான் தூதரகத்தில் முதல் செயலாளர். குறிப்பு எழுதுவேன், வருகிற அமைச்சரை விமான நிலையத்தில் வரவேற்பேன். "அவன் ஏதோ வெளிநாட்டு ஆபீஸ்ல இருக்கான்" என்பதுதான் ஊரில் அம்மா சொன்ன விளக்கம். தூதராவதற்குப் பதினைந்து, இருபது வருடமாவது ஆகும். ஆன பிறகும் சினிமாவில் காட்டுகிற மாதிரி இல்லை. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நியமனப் பத்திரத்தை அந்நாட்டு அதிபரிடம் கொடுத்த மறுநாளே ஜெனரேட்டர் டீசல் பில் மேஜைக்கு வரும். ஐ.நா. தேர்தலில் நம் வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்பது, 1964 முதல் நடக்கும் ஐடெக் திட்டத்தில் அந்த நாட்டு அதிகாரிகளை இந்தியாவுக்குப் பயிற்சிக்கு அனுப்புவது, நம் வியாபாரிக்கு வரவேண்டிய பாக்கிக்காக அலைவது என்று நாள் போகும். அந்த நாட்டுச் சுகாதார அமைச்சரிடம் மதுரைக்காரன் என்று சொன்னதும் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் அலுவலகத்தில் நான் காத்திருக்க வேண்டி வரவில்லை.

இனி, முடிவைத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். நம் ஊரில் ஐ.எஃப்.எஸ். வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம், "பெத்தவங்களை விட்டுட்டு அவ்வளவு தூரமா?" இதற்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஐ.ஏ.எஸ். என்றால் விருதுநகரிலோ திண்டுக்கல்லிலோ கலெக்டராகி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடலாம் என்று.

கேடர் கணக்கைப் பாருங்கள். ஐ.ஏ.எஸ்.ஸில் தேறியவர்களை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள், அப்படி விழும் மாநிலம்தான் கேடர். எந்த மாநிலமானாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு இடம்தான் சொந்த மாநிலத்தவருக்கு, மற்றவை வெளியாருக்கு. அந்த ஒரு பங்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவுவாரியாகப் பிரியும். நல்ல ரேங்க் எடுத்தும், அந்த வருடம் உங்கள் பிரிவில் தமிழ்நாட்டுக்கு உள்ளூர் இடம் இல்லையென்றால் இல்லைதான். நாகாலாந்தோ ஜார்க்கண்டோ விழுந்தால், பணிக்காலம் முழுக்க அதுவே உங்கள் மாநிலம். இன்னொரு அகில இந்தியப் பணி அதிகாரியைத் திருமணம் செய்துகொண்டு கேடர் மாறலாம். ஆனால் அந்த வழியில் சொந்த மாநிலத்துக்கு வர முடியாது. நடுவில் டெல்லிக்கு டெபுடேஷன் கிடைக்கும், அவ்வளவுதான்.

வெளியுறவுப் பணியில் கேடரே கிடையாது. ஓர் ஊரில் ஏறக்குறைய மூன்று வருடம், அடுத்து இன்னோர் ஊர், பிறகு டெல்லி, மறுபடி வெளியே. வசதியான ஊர், கஷ்டமான ஊர் என்று தரம் பிரித்து வைத்திருப்பதால் எது விழுந்தாலும் ஒருநாள் மாறும். டெல்லியில் இருக்கும் காலத்தில் சம்பர்க் கிராந்தியில் ஏறினால் மதுரையில் இறங்கலாம். வளைகுடாவில் இருந்தபோது அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தது. இரவு கிளம்பி விடிவதற்குள் வந்துவிட்டேன். கோஹிமாவில் வேலை பார்த்திருந்தால் திமாப்பூர் வந்து, விமானம் மாறி மாறி, ஒரு பகல் போயிருக்கும். தென் அமெரிக்காவில், சிலியின் சான்டியாகோவில் இருந்திருந்தால் இதைச் சொல்லவே வாய் வராது, அதுவும் உண்மை. ஆனால் அந்தத் தூரம் மூன்று வருடத்துக்கு. கேடர் ஓய்வு வரைக்கும். பெற்றோரைக் காரணம் காட்டி ஐ.ஏ.எஸ். போடுகிறவர்கள், தமிழ்நாடு கிடைக்காவிட்டாலும் அதுதான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆமாம் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

ஊருக்கு உதவுவது கலெக்டர் மட்டும்தான் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வளைகுடாத் தூதரகத்தில் தொழிலாளர் பிரிவு என்னிடம் இருந்தது. மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் வராத வாரம் இல்லை. பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்திருப்பான். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அவசரச் சான்றிதழ் கொடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். இறந்தவர் உடலை அனுப்ப இறப்புச் சான்று, போலீஸ் அனுமதி, பதப்படுத்திய சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையின்மைச் சான்று அத்தனையும் சேர வேண்டும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசுகிறவன் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு நிம்மதி என்பதை அவர்கள் முகத்திலேயே பார்க்கலாம்.

என் பக்கத்துக் குறை பெரியது, மறைக்கவில்லை: வாழ்க்கைத்துணையின் வேலை. என் மனைவி கல்லூரி ஆசிரியை. நாடு மாறும்போதெல்லாம் வேலையை விட்டார். கடைசியில் தேடுவதையே விட்டுவிட்டார். பல நாடுகளில் வேலை அனுமதியே கிடைக்காது. பிள்ளைகளுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு பள்ளி. மூத்தவளுக்குத் தமிழ் படிக்க வரும், எழுத வராது. பெண் அதிகாரிகளுக்கு ஒரு காலத்தில் நிலைமை இன்னும் மோசம். திருமணத்துக்கு அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை, ஐ.எஃப்.எஸ்.ஸில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி.முத்தம்மா உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1979-இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அமர்வு அரசைக் கடுமையாகச் சாடியது. விதி போய்விட்டது. கணவர் வேலையை விட்டுக் கூடவே வருவாரா என்பது மட்டும் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு வேறு.

கலெக்டர் வேலையின் உள்நெருக்கடி, அரசியல்வாதிகளின் அழுத்தம், ராத்திரி போன் பற்றியெல்லாம் என் பேட்ச் நண்பர்கள் சொல்லிக் கேட்டதுதான். அதை எடைபோட நான் ஆள் இல்லை. ஓய்வு பெற்ற கலெக்டர்கள் மதுரையிலேயே இருக்கிறார்கள், கேளுங்கள்.

ஐ.எஃப்.எஸ். போடுகிறவர்களுக்கு இன்னொன்று. பயிற்சிக் காலத்தில் ஒரு அந்நிய மொழி ஒதுக்குவார்கள், அதில் தேறினால்தான் பணி உறுதியாகும். எனக்கு அரபி, கெய்ரோவில் படித்தேன். முதல் போஸ்டிங் அந்த மொழி பேசும் நாட்டில்தான் அமையும், பின்னாலும் அந்தப் பக்கமே அடிக்கடி இழுக்கும். அதனால் மொழி விருப்பம் கேட்கும்போது இலக்கிய ஆசையை ஓரமாக வைத்துவிட்டு, அந்த மொழி பேசும் நாடுகளில் உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்படி என்று விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள்.